ஐந்திலிருந்து பதின்மூன்று வரை

ஓட்ஸ் கஞ்சி அடுப்பில் கருகிக்கொண்டிருந்தபோது நான் அதற்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்து வால்மாய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்திய பிறகுதான் தலையைத் தூக்கினேன். சமையலறை முழுக்கப் புகை. "வீட்டையும் கொளுத்திட்டுத்தான் அவன் பின்னாடி போவியா?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே வந்து, பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் போட்டாள். தூங்கிவிட்டேன் என்றேன். கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி தூங்கிவிட்டேன் என்று சொன்னால் நம்புவதற்கு வால்மாய் அப்படியொன்றும் அசடு இல்லை. ஆனால் புருஷன் செத்துப் பத்து மாதம் ஆனவள் என்ன சொன்னாலும் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அந்த ஒரு வசதி எனக்கு இருந்தது.

உண்மை என்னவென்றால், என் மூக்கு செத்துப்போயிருந்தது. மார்ச்சில் அலிஸ்டர் போனார். ஜூனில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. திரிந்த பாலைத் தேநீரில் ஊற்றிக் குடித்தேன். வெளியே மலைச்சரிவு முழுக்கக் காட்டுத் தைம் என்கிற வாசனைச் செடி பூத்து, பயணம் வருகிறவர்கள் காரை நிறுத்தி மூச்சை இழுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வெறும் ஊதா நிறம். டாக்டர், வந்தாலும் வரும் என்றார். வராவிட்டால் என்ன என்றுதான் எனக்கு இருந்தது. பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. துக்கம், துக்கம் என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். துக்கம் என்றால் எங்காவது வலிக்க வேண்டும் அல்லவா? எனக்கு வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல அவருடைய சட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன், மடித்து வைத்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கஞ்சி கருகிய வாரம்தான், ஐஸ்பெட்டியில் பட்டாணி தேடப் போய், அடியில் எட்டுப் பை பிளம் பழம் இருப்பதைப் பார்த்தேன். கறுத்த, உள்ளே ரத்தமாகச் சிவந்த ஜாதி. போன பிப்ரவரியில் அலிஸ்டர் பறித்தது. கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் அந்த ஒரே மரத்தில், ஏணி மேல் நின்று, என் பேச்சைக் கேட்காமல், உச்சிக்கிளை வரைக்கும் பறித்தார். அடுத்த மாதம் அதே கொட்டகைக்குள் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய சாம்பல் இன்னும் துணி அலமாரியில் இருந்தது. வருஷம் திரும்பும்போது அந்த மரத்தடியில் புதைப்பது என்று பேச்சு. பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பழத்தைச் சாராயமாகக் காய்ச்சி, அன்றைக்கு வருகிறவர்கள் கையில் ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை கொடுக்க வேண்டும். பத்து மாதத்தில் எனக்கு வேண்டும் என்று தோன்றிய முதல் பொருள் அதுதான்.

காய்ச்சுவது இந்த நாட்டில் குற்றமில்லை. விற்காத வரைக்கும் போலீஸ்காரருக்கே ஒரு புட்டி கொடுக்கலாம், கொடுத்துமிருக்கிறோம். எங்கள் செம்புப் பானை சின்னது, இருபது லிட்டர். கல்யாணமான ரெண்டாம் வருஷம் வாங்கியது. ஆனால் அது இப்போது அதன் இடத்தில் இல்லை. அலிஸ்டரின் தம்பி இன்னிஸைக் குடியை நிறுத்த வைக்கிற இடத்துக்கு டனீடனுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று, அலிஸ்டர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேரே கொட்டகைக்குப் போனார். பானையைப் பிரித்து, சாக்கில் சுற்றி, பரண்மேல் தண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால் திணித்து வைத்தார். "அவன் திரும்பி வர்றப்ப இது அவன் கண்ணுல படக் கூடாது" என்றார். அந்த வருஷம் பழத்தை வீணாக்க மனசு வராமல் பறித்தார், காய்ச்ச மனசு வராமல் ஐஸ்பெட்டியில் வைத்தார். இது எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஏணியை எடுத்துப் போட்டுப் பரண்மேல் ஏறினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சுவதற்குக் கை போதும், பிரிப்பதற்கு மூக்கு வேண்டும். பானையிலிருந்து வருவதை ஒரே பாத்திரத்தில் பிடிப்பதில்லை. ஜாம் ஜாடிகளை வரிசையாக வைத்து, எண் போட்டு, ஒன்று நிறைந்ததும் அடுத்ததை நீட்டிப் பிடிப்போம். முதலில் வருவது தலை: நகப்பூச்சு அழிக்கிற திராவகம் போல நாறும். கடைசியில் வருவது வால்: நனைந்த அட்டைப்பெட்டி, நனைந்த நாய். நடுவில் இருப்பதுதான் பழம். மீன் நறுக்குவது போலத் தலையையும் வாலையும் வெட்டித் தள்ள வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை எந்த மானியும் சொல்லாது. ஜாடிகளைத் துணி போட்டு மூடி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் பல் தேய்க்காத, தேநீர் குடிக்காத ஒருவர் வந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அலிஸ்டர் முப்பது வருஷம் பைப்பில் புகை பிடித்தவர், அவர் மூக்கும் ரப்பர் பூட்ஸும் ஒன்று. எங்கள் வீட்டு மூக்கு இன்னிஸ்தான். வெறும் வயிற்றோடு வருவான், ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகத்துக்குக் கொண்டுபோவான், கண்ணை மூடுவான். "நாலு தலை. அஞ்சுல பழம் ஆரம்பிக்குது" என்பான். ஒருநாளும் தப்பியதில்லை. வேலை முடிந்த பிறகும் அவன் வீட்டுக்குப் போக மாட்டான். அதுதான் தொல்லை. மத்தியானம் வரை இருப்பான், மறுநாள் வரை இருப்பான். அவன் வண்டி ஓட்டும் உரிமம் போனதும், அவன் மனைவி கிளம்பிப் போனதும் எங்கள் கொட்டகையில் ஆரம்பித்த கதைகள்தான். நான் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று அதையெல்லாம் பார்த்தவள். அவனோடு அளந்துதான் பேசுவேன்.

அவனைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"இன்னிஸ், பிளம் ஊறல் போட்டிருக்கேன். அடுத்த வாரம் காய்ச்சப்போறேன்."

அவன் பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"பானை எங்க இருந்துச்சு?"

"பரண்மேல."

"ஓ. அங்கதான் வச்சிருந்தானா. நான் வித்துட்டான்னு நினைச்சேன்" என்றான்.

"என் மூக்கு செத்துப்போச்சு. ஜூன்லேர்ந்து. யார்கிட்டயும் சொல்லிக்கல."

"உப்பு தெரியுதா?"

"உப்பு தெரியுது. வேற ஒண்ணும் தெரியல. ஜாடி பார்க்க ஆள் வேணும், இன்னிஸ். நீ வாயில வைக்க வேண்டாம். மோந்து பார்த்துச் சொன்னா போதும்."

ஏணி பிடிக்க வா என்று கூப்பிடுகிற குரலில்தான் சொன்னேன். அப்போது எனக்கு அது ஏணி பிடிக்கிற வேலையாகத்தான் இருந்தது. அவன் குடியை விட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும்.

"என்னைக்கு?" என்றான்.

முதல் தடவை ஊறலைக் காய்ச்சி, கிடைத்ததை மறுநாள் மறுபடி பானையில் ஊற்றிக் காய்ச்சினேன். மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே ஆவி கசியாமல் மாவு பிசைந்து பூச வேண்டும். அலிஸ்டர் பூசினால் சுவர் பூசியது போல இருக்கும். நான் பூசியது ஒரு பக்கம் வெடித்தது. கசிகிற வாடை எனக்கு வராது என்பதால், மூட்டின்மேல் காற்று நெளிகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நெளிந்தது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி பூசினேன். கீழே நெருப்பு, மேலே ஆவி, நடுவில் நான். பயந்திருக்க வேண்டிய இடம். பயம் வரவில்லை. நேரமாகிவிட்டதே என்று தீயைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அலிஸ்டர் கையில் சொட்டுச் சொட்டாக வருவது என் கையில் நூலாக ஓடியது. சீக்கிரம் முடிகிறது, நல்லதுதான் என்று நினைத்தேன். மூன்று மணிக்குப் பதினெட்டு ஜாடி நிறைந்தன. எண் எழுதி, துணி போட்டு மூடினேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு இன்னிஸ் சைக்கிளில் வந்தான். சவரம் செய்து, தலையை ஈரமாக வாரியிருந்தான், ஏதோ வேலைக்கு நேர்காணல் போல. "சாப்பிடலயே?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான். கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் பலகைக்கு முன்னால் போய், முதல் ஜாடியின் துணியை நீக்கி, எடுத்துக் குனிந்து, திரும்ப வைத்தான். ரெண்டாவது. மூணாவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டு வந்தான். ஐந்தாவதில் மட்டும் நிறைய நேரம் நின்றான், பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. உள்ளங்கையில் தேய்க்கவில்லை. தோலில் பட வேண்டாம் என்று நினைக்கிறான் போல என்று விட்டுவிட்டேன். பதினெட்டும் முடிய பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அஞ்சுலேர்ந்து பதிமூணு வரைக்கும்" என்றான். "எப்பவும் போலதான்."

வெளியே போய்க் குழாயடியில் கையைக் கழுவினான். சோப்பு போட்டான், மறுபடி போட்டான், முழங்கை வரைக்கும் போட்டான். காற்றில்லாத நேரத்தில் அவன் சட்டையின் முதுகு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி. தேநீர் போடட்டுமா என்று கேட்டதற்கு, வேலைக்கு நேரமாகிறது என்று சைக்கிளில் ஏறிவிட்டான். ஒன்பது ஜாடியையும் ஒன்றாகக் கலந்து, தண்ணீர் சேர்த்துக் காரத்தைக் குறைத்தேன். மூன்று புட்டி நிறைந்தது, நாலாவது தோள்வரை வந்தது.

வால்மாய் சைக்கிளைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மத்தியானம் ஒரு தட்டு ஸ்கோன் ரொட்டியோடு வந்தவள் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"காலையில அவன் எதுக்கு வந்தான்?"

சொன்னேன். மூக்கு போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"மூக்குதான் போச்சா? மூளையும் சேர்ந்து போச்சா?" என்றாள். "ஊர்ல வேற மூக்கே கிடைக்கலயா உனக்கு? என் வீட்டுக் கிழவனைக் கூப்பிட்டிருந்தா அவனே வந்து மோந்திருப்பான்."

"உன் வீட்டுக் கிழவனுக்குக் குதிரைச் சாணிக்கும் கேக்குக்கும் வித்தியாசம் தெரியாது. இன்னிஸ் ஒரு சொட்டுக் குடிக்கல, வால்மாய். நான் பக்கத்துலயே நின்னேன்."

"வாய் குடிக்கல. மூக்கு?"

ஸ்கோன் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வால்மாய்க்கு எதிலும் ஒரு குறை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வியாழக்கிழமை, இன்னிஸோடு பழம் தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிற அவளுடைய மருமகள் சொன்னதாக வந்து சொன்னாள்: இன்னிஸ் ரெண்டு நாளாக வேலைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. இந்தத் தடவை வால்மாய் திட்டவில்லை. அதுதான் என்னை எழுந்து காரை எடுக்க வைத்தது.

அவன் குடியிருப்பது ஒரு தோட்டத்துக் கோடியில் நிற்கும் கேரவன். கதவு திறந்திருந்தது. உள்ளே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"குடிச்சிட்டேனான்னு பார்க்க வந்தியா?"

"ஆமா."

"இல்ல" என்றான். பிறகு எழுந்து அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தான். நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பார்த்தேன். தேயிலை டப்பா, மத்தி மீன் டப்பாக்கள், மடித்த காலுறைகள், மனைவி விட்டுப்போன ஒரு கேக் தட்டு. படுக்கைக்கு அடியில் இருந்த இழுப்பறையையும் இழுத்துக் காட்டினான். அதில் அலிஸ்டரின் பழைய கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. நான்தான் கொடுத்தது.

"எங்க போயிருந்த?"

"டனீடனுக்கு. பஸ்ல. அண்ணன் கொண்டுபோய் விட்ட இடத்துலயே போய் உக்காந்துட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"உக்கார வேண்டியிருந்துச்சு, லோர்னா."

அவன் விரல் நுனிகள் தேய்த்துத் தேய்த்துச் சிவந்து, ஓரங்களில் தோல் உரிந்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, இவனிடம் நான் கேட்டது ஏணி பிடிக்கிற வேலை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. பயம். இத்தனை மாதத்தில் முதன்முதலாக வந்து சேர்ந்தது அதுதான். மன்னித்துக்கொள் என்று சொல்லத் தெரியவில்லை. உருளைக்கிழங்கை எடுத்து மீதியைச் சீவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் மாதம், சனிக்கிழமை மத்தியானம், பதினொரு பேர் வந்தார்கள். வெயில் நன்றாக இருந்தது. வால்மாய் சீஸ் ரோல்களை நாலு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். அலிஸ்டரின் ஒன்றுவிட்ட அண்ணன் ஹாமிஷ் காலையிலேயே வந்து மரத்தடியில் குழி வெட்டிவிட்டார். சாம்பலை நானும் இன்னிஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஊற்றினோம். நினைத்ததைவிட அதிகமாகவும் கரடுமுரடாகவும் இருந்தது. மண்ணைத் தள்ளி மூடினோம். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கோப்பைகளை எடுத்துக் கொடுத்தேன். இன்னிஸ் கையில் தேநீர்க் குவளை இருந்தது. அவன் கூட்டத்தை விட்டுத் தள்ளி, வேலி ஓரமாக நின்றான்.

"அலிஸ்டருக்கு" என்றார் ஹாமிஷ். குடித்தார்கள்.

நானும் குடித்தேன். எனக்குச் சூடு மட்டும் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஹாமிஷின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அண்ணன் தம்பிப் பாசம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கும் அப்படியே இருந்தது. ஒருத்தி உதட்டைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டிருந்தாள். வால்மாயின் கிழவர் மரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கு, லோர்னா" என்று யாரோ சொன்னார்கள். "ரொம்ப... காரம்" என்றார் இன்னொருவர். யாரும் இரண்டாவது வாய் வைக்கவில்லை.

"செத்தவனுக்காகப் பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள் வால்மாய். "லோர்னா, இதைக் குடிக்க வேண்டாம், நகத்துல தடவிக்கலாம். பூச்சு பளிச்சுனு போயிடும்."

ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் அதோடு வெளியே வந்தது. நான் வேலிப் பக்கம் பார்த்தேன். இன்னிஸ் சிரிக்கவில்லை. தன் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலை உள்ள வந்திருக்கு" என்றார் ஹாமிஷ், கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவர் போல. "தீயைக் கூட்டி வச்சிருப்ப நீ. ஏழு எட்டு ஜாடி வரைக்கும் ஏறியிருக்கும். ஒண்ணும் குடி முழுகிடல. தண்ணி ஊத்திப் பானையில மறுபடி ஒரு ஓட்டு ஓட்டினா சரியாயிடும். அதான் இன்னிஸ் இருக்கானே. டேய் இன்னிஸ், என்ன, அன்னைக்கு ஜலதோஷமா உனக்கு? அடுத்த தடவை மூக்கைச் சிந்திட்டு வந்து மோந்து பாரு!"

வால்மாய் அவர் காலை மிதித்தாள். அவருக்குப் புரியவில்லை. எல்லோரும் இன்னிஸ் பக்கம் திரும்பினார்கள்.

"வர்றேன்" என்றான் அவன். சிரித்த முகமாகத்தான் சொன்னான். "எப்பன்னு சொல்லு, லோர்னா. வந்துடறேன்."

நாலரை மணிக்குள் கார்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. வால்மாய் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, எங்கள் ரெண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். இன்னிஸ் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தான். நான் போய் அவனுக்கு எதிரே நின்றேன்.

"நீ மோந்தே பார்க்கல."

நாற்காலியைச் சுவரில் சாய்த்து வைத்தான். "இல்ல" என்றான். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்."

"பதினெட்டு ஜாடிக்கும்?"

"ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சு விட்டுக்குவேன். அவன் காய்ச்சினா எப்பவும் அஞ்சுலேர்ந்து பதிமூணுதான். அதையே சொல்லிட்டேன். நீ வேகமா ஓட்டியிருப்பன்னு தோணல." அடுத்த நாற்காலியை எடுத்து மடித்தான். "அஞ்சாவதுல மட்டும் தப்பிடுச்சு. கொஞ்சம் உள்ள போயிடுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அதனாலதான் டனீடன் போனேன்."

அவன் கையிலிருந்த நாற்காலியை வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, இன்னிஸ். போன்லயே சொல்லியிருக்கலாம். நான் என்ன செஞ்சிடப்போறேன்?"

"நாப்பது வருஷமா நீ என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல" என்றான். "ஒரு தடவை கேட்ட."

எனக்கு அழுகை வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பல்லுக்குப் போட்ட ஊசி இறங்கும்போது போல உள்ளே எங்கோ வலித்தது. வலிக்கிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போய் மிச்சமிருந்த மூன்று புட்டிகளையும் எடுத்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் சரளைக் கல் சரிவுக்குப் போனேன். அவன் பின்னாலேயே பத்தடி தள்ளி வந்தான்.

"வேண்டாம், லோர்னா. அவன் பறிச்ச பழம்."

"தெரியும்."

"மறுபடி ஓட்டினா சரியாயிடும். ஹாமிஷ் சொல்றது நிஜம்தான். வீணாக்காத."

"அதுவும் தெரியும். காத்து எந்தப் பக்கம்?"

வாடை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது, அவனைத்தான் கேட்க வேண்டும். அவன் ஆற்றங்கரையில் நெடுநெடுவென்று நின்ற பாப்ளர் மரங்களைப் பார்த்தான். இலைகள் எங்கள் பக்கமாகத் திரும்பி வெளுத்திருந்தன.

"ஆத்துலேர்ந்து மேல வருது."

"அப்ப நீ ஆத்துப் பக்கம் போ."

அவன் நின்றான். நான் புட்டிகளைக் கல்மேல் வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் திரும்பி நடந்தான். அண்ணன் சாவுக்கு வாங்கிய அதே கறுப்புக் கோட்டு, பின்பக்கம் சாம்பல் பட்டு ஒரு கோடு வெளுத்திருந்தது. வேலியருகே போய்த் திரும்பிப் பார்த்தான். இன்னும் போ என்று கையைக் காட்டினேன். கம்பியைத் தாண்டினான். புல்லுக்குள் முழங்கால் வரை மறைந்து, மரங்களின் நிழல்வரை போனான். அங்கே நின்று, என் பக்கம் திரும்பி, ஒரு கையைத் தூக்கினான்.

அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. தோள்கள் மட்டும் தெரிந்தன. மூச்சை முழுதாக இழுத்து விடுகிறவன் போல அவை மெதுவாக உயர்ந்து, அப்படியே நின்று, இறங்கின. நான் முதல் புட்டியின் தக்கையைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். அது என் விரல்களில் பட்டு வழிந்து, சுரீரென்று குளிர்ந்தது. அங்கே மறுபடியும் அவன் தோள்கள் உயர்ந்தன.